காய்ந்த பூச்சாடிகள்

போன வாரம் என் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆனாலும் கொசு என்ற வார்த்தையைக் கண்டால் என் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். வாசலில் நின்றபடியே படித்தேன். வாரம் ஒரு நாள் பாத்திரங்களில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைக்க வேண்டுமாம். அவ்வளவுதானாம். அடியில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பகீரென்றது.

நோட்டீஸ் கொண்டுவந்த பெண்ணை மறுநாள் தெருவில் பிடித்துக்கொண்டேன். "இன்னாம்மா, இதுல முக்கியமான வேலையவே வுட்டுட்டீங்களே?" என்றேன். "மேலருந்து வர்றதத்தான் ஆன்ட்டி குடுக்கறோம்" என்றாள். நான் யார், எங்கே வேலை செய்தேன் என்று சொன்னதும் கொஞ்சம் நின்றாள். "அப்ப நீங்களே எழுதிக் குடுங்க ஆன்ட்டி, எங்க குரூப்புல போடறேன். நாலு பேரு படிப்பாங்க" என்றாள். குரூப்பில் போடுகிற நீளத்துக்கு எனக்கு எழுத வராது. படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் யானைக்கால் ஒழிப்புப் பிரிவில் பூச்சி சேகரிப்பாளராகச் சேர்ந்தேன். என் படிப்பைப் பார்த்து எடுக்கவில்லை. பெண் என்றால் சமையலறை, கொல்லைப்புறம் வரை உள்ளே விடுவார்கள் என்பதால் எடுத்தார்கள். அப்பா மில் தொழிலாளி. கதிர்காமத்திலிருந்து சைக்கிள் மிதித்து ஊருக்குள் வருவேன். இப்போதிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் அப்போது அங்கே கிடையாது, வயல்தான். அஞ்சலை கொசு பிடிக்கப் போகிறாள் என்று தெருவே கேலி செய்தது. பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணுக்கு இன்னா வேல?" என்று கேட்டால், "சர்க்கார் வேல" என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வாள்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. நீண்ட பிடி வைத்த கரண்டி, வெள்ளைப் பீங்கான் தட்டு, கண்ணாடிக் குழாய், ஒரு கை லென்ஸ். சாக்கடையோரம் நம் நிழல் தண்ணீரில் விழாமல் நிற்க வேண்டும். நிழல் விழுந்தால் புழுக்கள் அடிக்குப் போய்விடும். கரண்டியைச் சாய்த்து ஓரத்தில் மெல்ல மொண்டு, தட்டில் ஊற்றிப் பார்க்க வேண்டும். இதைக் கற்க ஒரு வாரம் போதும். நாற்றத்துக்குப் பழக ஒரு வருஷம் ஆயிற்று.

யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு சாக்கடைக் கொசு. அது முட்டைகளை ஒன்றோடொன்று நிற்கவைத்து ஒட்டி, குட்டித் தெப்பம் போலத் தண்ணீர் மேல் விட்டுவிடும். பார்த்தால் கறுத்த உமி மிதக்கிற மாதிரி இருக்கும். ஒரு தெப்பத்தில் நூற்றுக்கணக்கான முட்டை. அவ்வளவும் ஓரிரு நாளில் ஒன்றாகவே பொரிந்துவிடும். ஒன்றைக்கூடப் பின்னால் இருக்கட்டும் என்று ஒதுக்கி வைக்காது. ஏன் வைக்க வேண்டும்? எங்கள் ஊர்ச் சாக்கடை வெயிலிலும் வற்றாது, மழை பொய்த்தாலும் வற்றாது. நாளைக்கும் இந்தத் தண்ணீர் இங்கேயே இருக்கும் என்று நம்பி அது மொத்தத்தையும் ஒரே இடத்தில் போடுகிறது. அந்த நம்பிக்கைதான் எங்களுக்கு வசதி. தண்ணீரை வடித்துவிட்டால் தெப்பம் காய்ந்து அப்படியே செத்துவிடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் இன்ஸ்பெக்டர் அல்போன்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே சுகாதார வேலைக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் 'முசியே', பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு தொப்பி. சாக்கடை வேலைக்கு வெள்ளை உடுத்தி வருகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்குள் நுழையும் முன் தொப்பியைக் கழற்றுவார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிடுவார். வீட்டுக்காரர் முன்னால் எங்களைத் திட்டமாட்டார். தெருமுனைக்கு வந்த பிறகு, காதோரமாக, மெதுவாகத் திட்டுவார். அந்த மெதுவான குரலுக்குத்தான் நாங்கள் நடுங்கினோம்.

அவருக்கென்று ஒரு வாசகம் இருந்தது. தண்ணீர் வடித்த குழியையோ கவிழ்த்த தொட்டியையோ கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "செக், ஃபினி" என்பார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொல்வார்: "காஞ்சிடுச்சா, முடிஞ்சிடுச்சு." வேலைக்குச் சேர்ந்த சில மாதத்தில் நாங்கள் எல்லோருமே அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். குழந்தைக்கு மூக்கு ஒழுகுவது நின்றாலும் என் வீட்டில் "செக், ஃபினி"தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேறொரு கொசு எங்களைப் படுத்த ஆரம்பித்தது. காலில் வெள்ளைப் பட்டை போட்டது. பகலில் கடிப்பது. சாக்கடைப் பக்கமே போகாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். அதோடு ஒரு காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுகள் வலித்து, ஆட்கள் சுவரைப் பிடித்து நடந்தார்கள். ஊரில் தண்ணீர் தேங்குகிற பாத்திரம் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் போனோம். எங்கும் கிடைக்காத அளவுக்குக் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்தது. கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைகளைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, பீங்கான் ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பார்கள். குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டாலும் ஜாடி இங்கே இருக்கும். நவம்பர் மழை அதையெல்லாம் நிரப்பிவிடும்.

முசியே அதற்கு ஒரு வழி செய்தார். திருநாள் முடிந்த ஐந்தாம் நாள் எல்லா ஜாடிகளையும் கொட்டிவிட வேண்டும். கொசு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் தண்ணீர் போய்விட்டால் கவலையில்லை. மழை முடிந்ததும் ஜாடிகளை வெயிலில் காய வைத்து, வாசலோரக் கொட்டகையில் கவிழ்த்து அடுக்கிவிட வேண்டும். அடுத்த திருநாளுக்கு முதல் நாள்தான் குடும்பங்களிடம் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியவர் கல்லறைக் காவல்காரர் சவரிநாதன். கேட்டை ஒட்டிய ஒற்றை அறைதான் அவருக்கு வீடு, வேலையோடு சேர்ந்தது. மனைவி இல்லை. சவரி ஜாடிகளை அடுக்கிவைத்த அழகைப் பார்க்க வேறு வட்டாரத்து ஆட்களைக்கூட முசியே கூட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஐப்பசி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. ஊரே காய்ந்திருந்ததால் இந்த முறை கொசுவுக்கு வேலையில்லை என்று நிம்மதியாக இருந்தோம். திருநாள் நடந்தது. ஐந்தாம் நாள் காலையில் முசியேயும் நானும் ஜாடிகளைக் கொட்டப் போனோம். முதல் ஜாடியை வெள்ளைத் தட்டில் சாய்த்தேன். பூக்காம்புகளுக்கு நடுவே காற்புள்ளி காற்புள்ளியாகத் துள்ளியவை புழுக்கள் அல்ல, கூட்டுப்புழுக்கள். இன்னும் ஓரிரு நாளில் பறக்க வேண்டியவை. இரண்டாவது ஜாடியிலும் அதேதான், அதற்கடுத்ததிலும் அதேதான். நாலைந்து நாள் முன்பு ஊற்றிய தண்ணீரில் இவ்வளவு வளர்ந்த கூட்டுப்புழு இருக்கவே முடியாது.

முசியேயின் முகம் சிவந்துவிட்டது. பூ எடுக்க வந்த குடும்பங்கள் சுற்றி நின்றன. அத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவர் எல்லோர் எதிரிலும் கத்தினார்.

"சவரி! இதுங்க வானத்துலேருந்து குதிச்சுதா? கொட்டகையில தண்ணியோடதான வெச்சிருந்த?"

"இல்ல முசியே. அந்தோணியார் மேல ஆணையா இல்ல. நீங்க சொன்னாப்புல காய வெச்சி, கவுத்து வெச்சேன். ஒரு சொட்டு தண்ணி படல."

"பொய் சொல்லாத! முட்டையே போட்டாலும் அஞ்சு நாள்ல இப்படி ஆவாது. பாத்திரம் முன்னாடியே நெனஞ்சிருக்கு."

சவரி மேல்துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அவர் மீது இரக்கமெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கணக்கு அப்படித்தான் சொன்னது. அதற்குள் பலர் பாதி வாடிய பூவோடு ஜாடியை வீட்டுக்கே எடுத்துப்போய்ப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் அந்தத் தெருக்களில் காய்ச்சல் கண்டது. பெரிய டாக்டர், அதாவது எங்கள் பிரிவின் தலைவர், முசியேவிடம் இதற்குப் பொறுப்பான ஆள் யார் என்று கேட்டார். சவரியை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தச் செய்தியைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். போனால், கேட்டருகே சவரியின் மகள் ஆரோக்கியம் நின்றிருந்தாள். வயிறு கனத்துப்போய், முதுகில் கை ஊன்றியிருந்தாள். பிரசவத்துக்காக அப்பா வீட்டுக்கு வந்தவள். எனக்கு அது தெரியவே தெரியாது. சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, இந்த வயித்த வெச்சிக்கினு நாங்க எங்க போவறது? அந்தக் கொட்டகையிலதான் அக்கா நான் வெறகு போட்டு வெக்கறேன். தண்ணி இருந்தா எனக்குத் தெரியாதா? காலு வெச்சா புழுதிதான் பறக்கும், வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். நிஜமாகவே புழுதிதான். தரையில் ஈரம் பட்ட தடமே இல்லை. யாரும் கேட்டு வராத சில ஜாடிகள் மட்டும் மூலையில் கவிழ்ந்திருந்தன. அவற்றின் மேல் படிந்திருந்த தூசியில் விரல் வைத்தால் கோடு விழுந்தது. எனக்குக் குழப்பமாகிவிட்டது. அன்றைக்கே முசியேவிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு என்னுடன் கிளம்பிவிட்டார்.

மூலையில் இருந்த ஜாடிகளில் ஒன்றை அவர் கையில் எடுத்தார். நீலப் பூப்போட்ட வெள்ளைப் பீங்கான். "இது என் மதாமோட ஜாடி" என்றார். அவர் மனைவி இறந்தது ஒரு டிசம்பரில். அந்த நாளில்தான் அவர் பூ வைப்பார், திருநாளன்று வேலையில் இருப்பார். அதனால் அந்த ஜாடியை அந்த வருஷம் யாரும் தொடவேயில்லை. "இதுக்கு ரெண்டு பேர் கை படக்கூடாது. நானே பாத்துக்கறேன்" என்று கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். அதில் தண்ணீர் ஊற்றிப் புழு வராவிட்டால் சவரி பொய் சொல்கிறார் என்பது தெளிவாகிவிடும், மனசில் உறுத்தல் இருக்காது என்றுதான் அவர் நினைத்தார். என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

ஆபீசில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டோம். அவர் தன் கையாலேயே ஜாடியில் ஊற்றினார். வாயில் மல் துணியை இழுத்துக் கட்டி, தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் திறந்தோம். தட்டில் ஊற்றியபோது முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீரே நடுங்குகிற மாதிரி இருந்தது. மயிரிழை போல, இப்போதுதான் பிறந்த புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கொதித்த தண்ணீர், கட்டிய துணி, பூட்டிய அலமாரி. இதற்குள் கொசு எப்படி வந்தது? முசியே நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டி, அது எட்டாமல், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கால்சட்டையோடு அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

நாங்கள் ஜாடியை வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்து உள்பக்கம் பார்த்தோம். கழுத்துக்குக் கீழே, போன வருஷம் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே, கறுப்பாக மிளகுத்தூள் தெளித்தாற்போல் ஏதோ இருந்தது. அழுக்குக் கறை என்று யாரும் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு முட்டை. இந்தக் கொசு தெப்பம் கட்டுவதில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில், தனித்தனியாக ஒட்டிவிட்டுப் போகிறது. கொஞ்சத்தை இங்கே, கொஞ்சத்தை அடுத்த ஜாடியில். தண்ணீர் வற்றினாலும் உள்ளே குஞ்சு உயிரோடு காத்திருக்கிறது. கடல்காற்று ஈரமும் கொட்டகை நிழலும் இருந்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். பாதி செத்தாலும் மீதி போதும்.

வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்திருந்தால் அவற்றில் பலதும் அழிந்திருக்கும். நாங்கள் பத்திரமாக எடுத்து, நிழலில் அடுக்கி, காவலும் வைத்தோம். பிறகு ஒரே நாளில் ஊரைக் கூப்பிட்டு எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். வருஷம் முழுக்க விதைநெல் காப்பதுபோல் கொசுவைக் காத்திருக்கிறோம்.

இதோடு நிற்கவில்லை. புழுக்களைக் கொன்று, ஜாடியை வடித்து, நன்றாகக் காயவிட்டு, மறுபடியும் தண்ணீர் ஊற்றினோம். மறுபடியும் புழு. அதே ஜாடி, அதே சுவர். முதல் தண்ணீருக்கு எல்லா முட்டையும் பொரியவில்லை, ஒரு பங்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் மில் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்த காலத்தில் அம்மா அரிசியை மூன்று பானையில் பிரித்து ஒளித்துவைப்பாள். கூலி வந்த நாளிலும் எல்லாவற்றையும் உலையில் போடமாட்டாள். நாளை என்ன ஆகும் என்று தெரியாதவர்களின் கை அப்படித்தான். ஜாடித் தண்ணீர் இன்று இருக்கும், நாளை இருக்காது. அந்தக் கொசுவும் முதல் மழையை நம்பவில்லை.

"அஞ்சல, இத்தினி வருஷமா நான் சாக்கடைக்குச் சொன்னத ஜாடிக்கும் சொல்லிக்கினு இருந்திருக்கேன்" என்றார் முசியே. அன்றிலிருந்து "செக், ஃபினி" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

பெரிய டாக்டரின் அறைக்கு அவர் போனபோது நான் வெளியே ஜாடியை வைத்துக்கொண்டு நின்றேன். கதவு பாதி திறந்திருந்தது.

"நான் நம்பறேன் அல்போன்ஸ்" என்றார் டாக்டர். "ஆனா இத எழுதினா நம்ம உத்தரவே தப்புன்னு ஆயிடும். ஊர்ல காய்ச்சல் கண்டவங்க நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. காவல்காரர் போறதுதான் எல்லாருக்கும் சுலபம். உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் வேற வருது, யோசிங்க."

தப்பில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு மனிதரைத் தெருவில் விடலாம் என்று இவ்வளவு சாந்தமாகச் சொல்ல முடியுமா?

"ஆபீஸ் உத்தரவு இல்ல டாக்டர், என் உத்தரவு" என்றார் முசியே. அதே மெதுவான குரல். "என் பேர் போட்டே எழுதியிருக்கேன். ஒரு நகல் மேலயும் அனுப்பிட்டேன்."

"அப்ப காவல்காரர் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் டாக்டர். முசியே வெளியே வந்து தொப்பியை வைத்துக்கொண்டார். "நாளையிலேருந்து எனக்கு ஸ்டோர்ல வேல. மருந்து டப்பா பாத்துக்கணும்" என்றார். பிறகு, "வா, தேங்கா நாரு வாங்கணும்" என்றார். மார்க்கெட்டில் ஒரு கட்டு நார் வாங்கினோம். அவரே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சவரியின் அறை வாசலில் மூட்டைகள் கட்டி வைத்திருந்தது. ஆரோக்கியம் ஒரு மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தாள். முசியே தொப்பியைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். உள்ளே போகவில்லை.

"சவரி, மூட்டையப் பிரி. நீ எங்கயும் போவ வேணாம். நீ சொன்னது நெசம், தப்பு என்னுது. முட்டைங்க ஜாடிக்குள்ளயே ஒட்டிக்கினு இருந்திருக்கு. காய வெச்சா சாவாது. நாரு போட்டு உள்ள தேச்சாதான் போவும்."

சவரி அழுவார் என்றோ கும்பிடுவார் என்றோ நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"ஜாடிய எடுத்து வெக்கறப்ப நான் கேட்டனே முசியே. உள்ள கறுப்பா கறை புடிச்சிருக்கு, நாரு போட்டு தேச்சிடட்டுமான்னு. பழைய பீங்கான், கீறல் வுழும், காஞ்சா போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

இது எனக்குத் தெரியாது. முசியேவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனியவில்லை.

"ஞாபகம் இருக்கு சவரி. அதையும் எழுதிட்டேன்."

சவரி அவர் தோளிலிருந்த நார்க்கட்டை இறக்கி வாங்கிக்கொண்டார். "உள்ள வந்து உக்காருங்க முசியே. ஜாடி வாய்க்குள்ள உங்க கை போவாது" என்றார். முசியே நாரைக் குச்சியில் சுற்றிக்கொண்டார், நாங்கள் மூவரும் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து ஜாடிகளைத் தேய்த்தோம். அந்த மாதக் கடைசியில் ஆரோக்கியத்துக்கு அதே அறையில்தான் வலி கண்டது.

முசியே ஸ்டோரிலிருந்தே ஓய்வு பெற்றார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் ஆபீஸ் நோட்டீசில் ஒரு வார்த்தை கூடுதலாக அச்சானது: கொட்டவும், தேய்க்கவும், கவிழ்க்கவும். அந்த நடு வார்த்தைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். போன வாரம் என் கதவிடுக்கில் இருந்த நோட்டீசில் அது இல்லை.